இலக்குத்தொகைக்கு அப்பால்: திரள்நிதித் திட்டங்களில் துணிவுப் பணமும் முன்பதிவுப் பணமும்

2013-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துக்காரர் ஒருவர் நிதி திரட்டும் இணையதளமான கிக்ஸ்டார்ட்டரில் ஒரு குளிர்பெட்டியைக் காட்டி 1,25,000 டாலர் கேட்டார். கடற்கரைக்கும் பூங்காவுக்கும் கொண்டுபோகும் வகைப் பெட்டி. ஐஸை அரைக்கும் பிளெண்டரும் பாட்டுக் கேட்க ஸ்பீக்கரும் அதிலேயே பொருத்தப்பட்டிருக்கும் என்பதுதான் புதுமை. கெடு முடிந்தபோது சேர்ந்திருந்தது ஏறத்தாழ 1,02,000 டாலர். இலக்கு நிரம்பாவிட்டால் எதுவும் கிடையாது என்பது தளத்தின் விதி. ஆகவே ஒரு சென்ட்டும் அவர் கைக்கு வரவில்லை. 2014 ஜூலையில் அதே பெட்டியைத் திருத்திக்கொண்டு மீண்டும் வந்தார். இம்முறை கேட்டது 50,000 டாலர். 62,642 பேர் 1 கோடியே 32 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். கிக்ஸ்டார்ட்டர் அதுவரை கண்ட மிகப் பெரிய வசூல் அது. கூலஸ்ட் கூலர் என்ற அந்தப் பெட்டி 2015 பிப்ரவரியில் வந்து சேரும் என்று சொல்லப்பட்டது. 2019 டிசம்பரில் நிறுவனம் மூடப்பட்டபோது, பணம் கொடுத்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குப் பெட்டி வரவே இல்லை.

இந்தக் கதையை ஏமாற்று வேலை என்று சொல்வோர் உண்டு. ஏமாந்தவர்களின் பேராசை என்று சொல்வோரும் உண்டு. இரண்டிலும் எனக்கு ஈடுபாடு இல்லை. என் கேள்வி சிறியது. பொருள் மலிந்துவிடவில்லை, அதைச் செய்யும் செலவும் குறைந்துவிடவில்லை. அப்படியிருக்க 1,25,000 எப்படி 50,000 ஆயிற்று? பொதுமக்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டும் திரள்நிதி முறையின் நல்லதும் கெட்டதும் இந்த ஒரு எண்ணின் நடத்தையில் அடங்கியிருப்பதாகக் கருதுகிறேன். இலக்குத்தொகை வரை வரும் பணமும் அதைத் தாண்டி வரும் பணமும் ஒரே இயல்புடையவை அல்ல. அவற்றை ஒன்றாக நடத்துவதே இம்முறையின் அடிப்படைப் பிழை என்பதைக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கம்.

இலக்கு என்ன சொல்கிறது

கிக்ஸ்டார்ட்டர் 2009 ஏப்ரலில் நியூயார்க்கில் தொடங்கியது. அதற்கு ஓராண்டு முன்பே வந்த இண்டிகோகோ, இலக்கு நிரம்பாவிட்டாலும் சேர்ந்ததை எடுத்துக்கொள்ளும் வழியைத் திட்டத்தாருக்குத் திறந்து வைத்திருந்தது. கிக்ஸ்டார்ட்டர் அதை மறுத்தது. முழு இலக்கும் நிரம்பினால் மட்டுமே கடன் அட்டைகளிலிருந்து பணம் எடுக்கப்படும். அதில் தளத்துக்கு 5 விழுக்காடு. பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. இவ்விதி வெறும் கண்டிப்பு அல்ல. அரைகுறைப் பணத்தோடு வேலையைத் தொடங்கி நடுவழியில் நிற்கும் ஆபத்திலிருந்து இரு தரப்பையும் அது காக்கிறது. நூறு பேர் சேர்ந்தால்தான் பஸ் கிளம்பும் என்றால், முதலில் ஏறியவர் தனியாக நடுரோட்டில் இறக்கிவிடப்பட மாட்டார்.

இந்தக் காப்பு வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு: இலக்குத்தொகை உண்மையாக இருக்க வேண்டும். 'இவ்வளவு கிடைத்தால் இதை முடிப்பேன். குறைந்தால் முடியாது' என்ற வாக்குமூலமாக அது இருக்க வேண்டும். நடைமுறை அதை வேறு பக்கம் தள்ளுகிறது. அமெரிக்காவின் வார்ட்டன் வணிகப் பள்ளியைச் சேர்ந்த ஈதன் மொலிக் 2014-இல் வெளியிட்ட ஆய்வு, மொத்தம் 23.7 கோடி டாலர் திரட்டிய 48,500-க்கும் மேற்பட்ட திட்டங்களைப் பார்த்தது. இலக்கு பெரிதாகப் பெரிதாக வெற்றி வாய்ப்பு குறைகிறது. தோற்கும் திட்டங்கள் படுதோல்வி அடைகின்றன. வெல்பவை பெரும்பாலும் சிறு வித்தியாசத்தில் வெல்கின்றன என்று அது கண்டது. இதைப் படிக்கும் எந்தத் திட்டத்தாரும் எடுக்கும் முடிவு ஒன்றுதான்: இலக்கைக் குறை. முதல் நாளிலேயே இலக்கைத் தாண்டிவிட்டது என்பது சிறந்த விளம்பரம். அந்தச் செய்தி இன்னும் ஆயிரம் பேரை அழைத்துவரும். இப்படித்தான் உற்பத்திக் கணக்கிலிருந்து பிறக்க வேண்டிய எண் விற்பனை உத்தியிலிருந்து பிறக்கத் தொடங்கியது. பெரும் வசூல்களின் அறிவிக்கப்பட்ட இலக்குகளைப் பார்த்தால் இது புரியும். பெப்பிள் கைக்கடிகாரம் கேட்டது 1 லட்சம் டாலர். பெற்றது 1 கோடியே 2 லட்சம். ஜானோ என்ற சிறு டிரோன் கேட்டது 1,25,000 பவுண்டு. பெற்றது 23 லட்சம். சொன்ன தொகையை மட்டும் பெற்றிருந்தால் இவர்கள் சொன்னபடி செய்திருப்பார்களா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கையொப்பம்

முன்பணம் பெற்றுப் படைப்பை வெளியிடுவது புதிதல்ல. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அலெக்சாண்டர் போப் தம் இலியட் மொழிபெயர்ப்பை முன்பதிவாளர்களின் பணத்தைக் கொண்டே தொகுதி தொகுதியாக வெளியிட்டார். தமிழ்ப் பதிப்பு வரலாற்றிலும் இம்முறைக்கு வேர் உண்டு. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது, கையொப்பம் வாங்கித்தான் செலவின் ஒரு பகுதியைத் திரட்டினார். புத்தகம் வந்ததும் வாங்கிக்கொள்வதாகப் பெயர் எழுதிக் கொடுப்பது கையொப்பம். இன்றும் பெரிய தொகுப்பு நூல்களுக்குத் தமிழ்ப் பதிப்பகங்கள் அறிவிக்கும் முன்வெளியீட்டுத் திட்டம் அதன் நேர் வாரிசு. குறைந்த விலை, முன்பணம், அச்சிட்டதும் நூல்.

இந்த ஒப்புமையைத் திரள்நிதியின் பழம்பெருமை பேசுவதற்காகத் தரவில்லை. வேறுபாடு எங்கே என்று காட்டவே தருகிறேன். சாமிநாதையர் கையொப்பம் கேட்டு அலைந்தபோது அவரிடம் ஏட்டுப் பிரதிகள் இருந்தன. பாடம் ஒப்பிட்டு உரையோடு நூலைச் செப்பனிட்ட உழைப்பு இருந்தது. காகிதம் வாங்கவும் அச்சுக்கூலி கொடுக்கவும் பணம் இல்லை. எத்தனை பேர் வாங்குவார்கள் என்பதும் தெரியாது. அதாவது, எஞ்சியிருந்த ஐயத்தின் பெரும்பகுதி தேவை பற்றியது. அந்தக் கேள்விக்கு விடை சொல்ல மக்கள் திரளைவிடத் தகுதியானவர் இல்லை. வேண்டும் என்றால் கையெழுத்திடுவார்கள்.

ஒரு தொழில்நுட்பப் பொருளில் எஞ்சியிருப்பது இரண்டு ஐயங்கள். வாங்குவார்களா என்பது ஒன்று, செய்ய முடியுமா என்பது மற்றொன்று. திரள் முதல் கேள்விக்கு மட்டுமே விடையளிக்க முடியும். ஆனால் அந்த விடையின் ஆரவாரம் இரண்டாம் கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது போன்ற மயக்கத்தைத் தருகிறது. அறுபதாயிரம் பேர் நம்பியிருக்கிறார்கள் என்பது அந்தப் பிளெண்டரின் மோட்டார் குறித்து நமக்கு எதையும் சொல்வதில்லை.

வெற்றி எப்போது சுமையாகிறது

ஒரு பாடல் தொகுப்பையோ கணினி விளையாட்டையோ ஆயிரம் பேருக்குப் பதில் பத்தாயிரம் பேர் ஆதரித்தால் கூடுதல் செலவு மிகக் குறைவு. கோப்பை இன்னும் ஒன்பதாயிரம் முறை தரவிறக்குவார்கள், அவ்வளவே. எட்டு மடங்கு வசூல் என்றால் ஏழு மடங்கு தாராளம். வன்பொருளின் கணக்கு நேர்மாறானது. ஒவ்வொரு கூடுதல் ஆதரவாளரும் ஒரு கூடுதல் பொருளுக்கான கடன். விலையைத் தவறாகக் கணித்திருந்தால் அந்தத் தவறு அத்தனை மடங்கு பெருகும். நூறு பேருக்குக் கையால் பூட்டிக் கொடுக்கக்கூடிய ஒன்றை அறுபதாயிரம் பேருக்குச் செய்ய மோல்டு வெட்ட வேண்டும், தொழிற்சாலையில் வரிசை பிடிக்க வேண்டும், தரச் சான்றுகள் வாங்க வேண்டும், கப்பல் பெட்டகம் பிடிக்க வேண்டும். வேலையின் அளவு மட்டுமல்ல, இயல்பே மாறிவிடுகிறது.

கூலஸ்ட் கூலருக்கு நேர்ந்தது இதுதான். மொத்த வசூலை ஆட்களால் வகுத்தால் தலைக்கு 212 டாலர் வருகிறது. பெட்டியைச் செய்து அனுப்பும் செலவு அதைத் தாண்டியது. பற்றாக்குறையை ஈடுகட்ட, ஆதரவாளர்களுக்கு அனுப்பி முடிக்கும் முன்பே பெட்டியை அமேசானில் கூடுதல் விலைக்கு விற்றார்கள். முதலில் பணம் கொடுத்தவர் காத்திருக்க, நேற்று வந்தவர் வீட்டில் பெட்டி இறங்கியது. 2016-இல், விரைவாக வேண்டுமானால் இன்னும் 97 டாலர் கொடுங்கள் என்று ஆதரவாளர்களிடமே கேட்டார்கள். 2017-இல் ஓரிகன் மாநில நீதித் துறையோடு ஓர் உடன்பாடு ஏற்பட்டது. முதல் முயற்சியில் கேட்ட 1,25,000 டாலரும், அதற்கேற்ற சில நூறு ஆதரவாளர்களும் கிடைத்திருந்தால், இந்தப் பெட்டி சிறிய அளவில் ஒழுங்காக வந்திருக்கலாம் என்று நினைக்க இடமிருக்கிறது. அவரைக் கவிழ்த்தது தோல்வி அல்ல.

ஜானோவின் கதை இன்னும் தெளிவு. வேல்ஸ் நாட்டு நிறுவனம்; 12,075 ஆதரவாளர்கள்; உள்ளங்கையில் அடங்கி, தானே பறந்து படம் பிடிக்கும் டிரோன். 2015 ஜனவரியில் நிதிதிரட்டல் முடிந்தது. அதே ஆண்டு நவம்பரில் நிறுவனம் கலைப்புக்குப் போனது. கிக்ஸ்டார்ட்டர் செய்த அபூர்வமான காரியம், மார்க் ஹாரிஸ் என்ற பத்திரிகையாளரை அமர்த்தி என்ன நடந்தது என்று எழுதச் சொன்னது. 2016 ஜனவரியில் வெளிவந்த அவருடைய நீண்ட அறிக்கையில் தெரிவது கொள்ளைக் கூட்டமல்ல. தங்கள் சக்திக்கு மீறிய வேலையை ஏற்றுக்கொண்டு, அது மீறியது என்பதை ஒப்புக்கொள்ளத் தெரியாமல் போனவர்கள்.

பெப்பிள் ஏன் தப்பியது? அதன் நிறுவனர் எரிக் மிகிகோவ்ஸ்கி அதற்கு முன்பே பிளாக்பெரி போன்களோடு இயங்கும் இன்பல்ஸ் என்ற கைக்கடிகாரத்தைச் செய்து விற்றவர். தொழிற்சாலை வாசனை தெரிந்தவர். இன்னொரு காரணம் அதிகம் பேசப்படுவதில்லை. 2012 மே மாதம், கெடு முடிய ஒரு வாரத்துக்கு மேல் இருக்கும்போதே, 85,000 கடிகாரங்களோடு பதிவை நிறுத்திக்கொண்டார்கள். வந்த பணத்தை வேண்டாம் என்று சொல்வது அந்த நேரத்தில் எளிதல்ல. அப்படியும் சொன்ன செப்டம்பரில் அனுப்ப முடியவில்லை. 2013 ஜனவரியில்தான் முதல் கடிகாரங்கள் புறப்பட்டன. உச்சவரம்பு வைத்தவருக்கே நான்கு மாதத் தாமதம் என்றால், வைக்காதவர் நிலை என்னவாகும்? மொலிக்கின் அதே ஆய்வு இதற்குப் புள்ளிவிவர ஆதாரம் தருகிறது: பொருள் தருவதாக வாக்களித்தோரில் 75 விழுக்காட்டினருக்கு மேல் தாமதமாகவே அனுப்பினார்கள், திரண்ட பணம் கூடக்கூடத் தாமதமும் கூடியது. பெப்பிள் நிறுவனமும் நிலைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2016 இறுதியில் அது மூடப்பட்டு, அதன் தொழில்நுட்பம் ஃபிட்பிட் வசம் போனது. அது சந்தையின் கதை. திரள்நிதியின் கதை அல்ல.

கலைப் படைப்புகள் இந்த வலையில் சிக்காதவை என்று சொல்லிவிட்டால் என் வாதம் அழகாக முடியும். உண்மை அப்படியில்லை. 2012-இல் டபுள் ஃபைன் நிறுவனம் ஒரு சாகச விளையாட்டுக்கு 4 லட்சம் டாலர் கேட்டு, 87,000-க்கும் மேற்பட்டவர்களிடமிருந்து 33 லட்சம் பெற்றது. பணம் எட்டு மடங்கானதும் கனவும் அத்தனை மடங்கானது. 2012 அக்டோபரில் வர வேண்டிய விளையாட்டு, புரோக்கன் ஏஜ் என்ற பெயரில் பாதி 2014-இலும் மீதி 2015-இலும் வந்தது; நடுவில் பணம் பற்றவில்லை. இங்கே பிரதிகளின் செலவு ஏறவில்லை, ஆசையின் செலவு ஏறியது. ஆனால் இந்த ஏற்றம் படைப்பாளியின் விருப்பம். அவர் நினைத்தால் சொன்ன சிறிய விளையாட்டையே செய்து கொடுத்திருக்க முடியும். வன்பொருள்காரருக்கு அந்தத் தெரிவே கிடையாது.

எதிர்முனையில் பிராண்டன் சாண்டர்சன் நிற்கிறார். 2022 மார்ச்சில் இந்த அமெரிக்க எழுத்தாளர் நான்கு நாவல்களை வெளியிட 10 லட்சம் டாலர் கேட்டார்; 1,85,341 பேர் 4 கோடியே 17 லட்சம் டாலர் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டில் புத்தகங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. எல்லோரும் தொகையைப் பார்த்து வியந்தார்கள். கவனிக்க வேண்டியது வேறு: பணம் கேட்கும்போதே நான்கு நாவல்களும் எழுதி முடிக்கப்பட்டிருந்தன. இது கையொப்ப முறை, மிகப் பெரிய அளவில்.

சட்டம் எங்கே நிற்கிறது

2012 செப்டம்பரில் கிக்ஸ்டார்ட்டர் தான் ஒரு கடை அல்ல என்று அறிவித்தது. வன்பொருள் திட்டங்களில் கணினியில் வரைந்த மாயப் படங்களைத் தடைசெய்து, ஆபத்துகளைத் தனிப் பகுதியாக எழுதும்படி கட்டாயப்படுத்தியது. 2014-இல் திருத்திய விதிகள், வாக்கை நிறைவேற்ற முடியாதவர் பணம் போன வழியைச் சொல்ல வேண்டும், எஞ்சியதைத் திருப்பித் தர வேண்டும் என்றன. ஆனால் இந்த ஒப்பந்தம் திட்டத்தாருக்கும் ஆதரவாளருக்கும் இடையிலானது; தளம் அதில் தரப்பு அல்ல. கடை அல்ல என்று சொல்லும் இடத்தில் விலை உண்டு, அளவு உண்டு, அனுப்பும் மாதம் உண்டு. பொதுமக்கள் அதைக் கடையாக நினைத்ததில் வியப்பில்லை.

அரசுகள் தலையிட்டது பெரும்பாலும் மோசடியில்தான். அமெரிக்க மத்திய வணிக ஆணையம் இத்துறையில் தொடுத்த முதல் வழக்கு 2015-இல் முடிந்தது. ஒரு பலகை விளையாட்டுக்காகத் திரட்டிய 1,22,000 டாலரைச் சொந்தச் செலவுக்குப் பயன்படுத்திய வழக்கு அது. திருப்பித் தரச் சொன்ன தொகையை வசூலிக்க வழியில்லை என்பதால் அந்த உத்தரவும் நிறுத்திவைக்கப்பட்டது. திருடனுக்குச் சட்டம் இருக்கிறது. திறமை போதாதவருக்கு இல்லை. இருக்கவும் வேண்டியதில்லை என்று ஒரு தரப்பு வாதிடும். அதில் நியாயம் உண்டு. முயன்று தோற்பவரைத் தண்டித்தால் முயல்பவர் குறைவார்.

இன்னொரு பிரச்சினை உரிமை. ஓக்குலஸ் ரிஃப்ட் என்ற மெய்நிகர் உலகக் கருவி 2012-இல் 9,522 பேரிடம் 24 லட்சம் டாலர் திரட்டியது. 2014 மார்ச்சில் ஃபேஸ்புக் அதன் நிறுவனத்தை வாங்குவதாக அறிவித்த விலை 200 கோடி. ஆதரவாளர்களுக்குப் பங்கு இல்லை. அமெரிக்கா 2012-இல் இயற்றிய சட்டம், 2016 மே முதல் சிறு முதலீட்டாளர்கள் தளங்கள் வழியே நிறுவனப் பங்குகளை வாங்க வழிவிட்டது. லாபத்தில் பங்கு வேண்டும் என்பவருக்கு அது விடை. காசு கொடுத்தேன், பொருள் வரவில்லை என்பவருக்கு விடையல்ல.

ஒரு முன்மொழிவு

இலக்குத்தொகை ஒரு வாக்குமூலம் என்று முன்னே சொன்னேன். அந்த வாக்குமூலத்தை அப்படியே எடுத்துக்கொள்வோம். 50,000 டாலர் கிடைத்தால் பெட்டியைச் செய்ய முடியும் என்று திட்டத்தாரே சொல்லியிருக்கிறார். அப்படியானால் முதல் 50,000 டாலரைக் கொடுத்தவர்கள் இல்லாத ஒன்றை உருவாக்கத் துணிந்தவர்கள். தோல்வியில் அவர்களுக்கும் பங்கு உண்டு. அது துணிவுப் பணம். இலக்கு நிரம்பிய பிறகு வருபவர் அப்படியல்ல. அவர் இல்லாமலே பொருள் உருவாகும் என்று திட்டத்தாரே கையெழுத்திட்டிருக்கிறார். எனவே அவர் கொடுப்பது முன்பதிவுப் பணம், அவர் வாடிக்கையாளர். பொருள் வராவிட்டால் கடையில் முன்பணம் கட்டியவருக்கு உள்ள உரிமை அவருக்கும் வேண்டும்.

இவ்வேறுபாட்டைச் சட்டம் ஏற்றால் இலக்குத்தொகை தானாகவே நேர்மைப்படும். பொய்யாகக் குறைத்துச் சொல்பவர், தாண்டி வரும் ஒவ்வொரு டாலருக்கும் விற்பனையாளரின் பொறுப்பை ஏற்றாக வேண்டும். உயர்த்திச் சொல்பவர் இலக்கை எட்டாமல் போகும் ஆபத்தை ஏற்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே உண்மைச் செலவு இருக்கிறது. பெப்பிள் தானாக வைத்துக்கொண்ட உச்சவரம்பை மற்றவர்களும் தம் நலன் கருதியே வைப்பார்கள்.

இதற்கு வரக்கூடிய வலுவான மறுப்பு மொலிக்கிடமிருந்தே வருகிறது. ஏறத்தாழ 47,000 ஆதரவாளர்களின் பதில்களைக் கொண்டு 2015-இல் அவர் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, நிதி பெற்ற திட்டங்களில் 9 விழுக்காடே வாக்களித்ததை அனுப்பவில்லை என்றும், அப்படித் தவறுபவற்றில் 1,000 டாலருக்கும் குறைவாகத் திரட்டிய சிறு திட்டங்களே முன்னிற்கின்றன என்றும் கண்டது. அப்படியானால் பெருவெற்றியை ஏன் கட்டுப்படுத்த வேண்டும்? என் பதில்: திட்டங்களை எண்ணுவது வேறு, இழந்தவர்களை எண்ணுவது வேறு. 800 டாலர் திட்டம் தவறினால் முப்பது நாற்பது பேர் ஆளுக்குச் சிறு தொகையை இழப்பார்கள். அவர்கள் பெரும்பாலும் அந்தப் படைப்பாளியின் நண்பர்கள். அது என் பிரிவினையில் துணிவுப் பணமாகவே நின்றுவிடும். ஒரு கூலஸ்ட் கூலர் தவறினால் இழப்பவர் ஏறத்தாழ 20,000 பேர். ஒன்பது விழுக்காடு என்ற சராசரிக்குள் இந்த இரண்டும் ஒரே மதிப்புடன் கிடக்கின்றன.

பணத்தைக் கட்டம் கட்டமாக விடுவிக்கலாமே என்பது பலர் சொல்லும் மாற்றுவழி. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. மோல்டுக்கான பணம் முதலிலேயே வேண்டும். பெரிய செலவு முன்னால் வரும் தொழிலில் தவணை முறை சிறியவரைத்தான் நெரிக்கும். அதோடு, எந்தக் கட்டம் முடிந்தது என்று தீர்ப்புச் சொல்லும் பொறியியல் அறிவைத் தளம் வளர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். 5 விழுக்காட்டில் அது கட்டுப்படியாகாது.

இந்தியாவில் இவ்விவாதம் வேறு திசையில் போனது. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2014 ஜூனில் வெளியிட்ட கலந்தாய்வு அறிக்கை, பங்கு வழித் திரள்நிதியைப் பற்றியே பெரும்பாலும் கவலைப்பட்டது. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின்படி தனிப்பட்ட பங்கு ஒதுக்கீடு ஆண்டுக்கு 200 பேரைத் தாண்டக் கூடாது என்பதால், பொதுத்திரளிடம் பங்கு விற்கும் வழி இங்கே அடைபட்டே இருக்கிறது. நன்கொடையும் வெகுமதி வழியும் மட்டும் கண்காணிப்புக்கு வெளியே ஓடுகின்றன. கலைக்காகத் திரள் பணம் கொடுத்த மரபு இங்கு இல்லாமலில்லை: 1976-இல் ஷியாம் பெனகலின் மந்தன் படத்துக்குக் குஜராத்தின் 5 லட்சம் பால் உற்பத்தியாளர்கள் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்தார்கள். அங்கே கொடுத்தவருக்கும் எடுத்தவருக்கும் நடுவே கூட்டுறவு அமைப்பு நின்றது. இன்றைய தளங்கள் அப்படி நிற்பதில்லை.

நான் கேட்கும் பிரிவினைக்குச் செபி வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விலையைச் செலுத்தியவரை மட்டுமல்ல, செலுத்துவதாக வாக்களித்தவரையும் பகுதி செலுத்தியவரையும் நுகர்வோர் என்கிறது. இணையவழி வாங்கலும் அதில் அடங்கும். திட்டப் பக்கத்தில் இலக்கு நிரம்பிய நாளும் நேரமும் மாற்ற முடியாதபடி பதிவாக வேண்டும், அதன் பின் வரும் ஒவ்வொரு பதிவும் கொள்முதல் என்று கருதப்பட வேண்டும் என 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளில் ஒரு பிரிவைச் சேர்த்தால் போதும். முதலில் வருவோருக்குக் குறைந்த விலை என்ற வழக்கம் தளங்களில் ஏற்கெனவே இருக்கிறது. துணிவுப் பணத்துக்கு அந்தச் சலுகை விலையையும், முன்பதிவுப் பணத்துக்கு முழு விலையோடு பணம் திரும்பப் பெறும் உரிமையையும் எழுதிவைப்பதற்குப் புதிய மென்பொருள்கூடத் தேவைப்படாது.